நசியாத தேசிக்காய்

புதிதாக எங்கள் டிப்போவுக்கு வந்திருக்கும் தம்பிமாரே, இப்போது தங்கச்சிமாரும் ஸ்டியறிங் பிடிக்க வருகிறார்களாம், சந்தோசம், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரயர் மாற்றுவது, என்ஜின் சூடேறினால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் சொல்லப் போவது என் வயிற்றைப் பற்றி. சிரிக்காமல் கேளுங்கள். பஸ்ஸின் பிரேக் காலடியில் இருக்கிறது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? நானும் பென்சனுக்குக் கிட்டப் போகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வலது பக்க அடிவயிற்றில், தொடை தொடங்கும் இடத்தில், எனக்கு ஒரு சின்ன வீக்கம் இருந்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். வெட்கத்தில் பல மாதம் மூடி மறைத்தேன். கடைசியில் மனுசி கண்டுபிடித்து, காதைப் பிடித்து இழுக்காத குறையாக ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குடலிறக்கம், சின்ன ஒப்பரேசன்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். உண்மைதான். மறுநாளே எழுப்பி நடக்க விட்டார்கள். பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காயத்துக்கு ஆகாத விசயங்கள் இரண்டு, இருமலும் சிரிப்பும். இருமலுக்கு மருந்து இருந்தது. சிரிப்புக்கு என்னுடைய கொண்டக்டர் றமீஸ் இருந்தான். யாழ்ப்பாணம் ரவுணுக்குள் பிறந்து, முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றியபோது கைக்குழந்தையாகப் புத்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டு, தானே பிள்ளைகுட்டிக்காரனாகி ஊர் திரும்பியவன். இவ்வளவு பட்டும் அவன் வாயில் பகிடி வற்றவில்லை. வாட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் நின்று, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்கிறான்:

"அண்ணை, நீங்கள் இல்லாமல் பஸ் அழுதுகொண்டு நிக்குது. ரேடியேற்றர் ஒழுகுதெண்டு மெக்கானிக் சொல்லுறார். எனக்கெல்லோ தெரியும் அது கண்ணீரெண்டு."

தலையணையை வயிற்றோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடியக் கண்ணில் தண்ணீர். தையல் போட்ட இடத்தில் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இருந்தது. மனுசி அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ வாறதெண்டால் வா. வாயைத் திறக்கிறதில்லை," என்று கட்டளை போட்டாள். அதன் பிறகு அவன் வந்து வாயைப் பொத்திக்கொண்டு இருப்பான். அதைப் பார்க்க இன்னும் சிரிப்பு வரும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வருத்தம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் வருத்தம் பார்க்க நோயாளியின் வீட்டுக்குப் போவது ஒரு தனிக் கடமை. கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், ஒப்பரேசன் செய்தவனைப் போய்ப் பார்க்காவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். வருகிறவர் வெறுங்கையோடு வர முடியாது. பிஸ்கட் பெட்டி, மால்ட் மா, தோடம்பழம் ஏதாவது கொண்டு வர வேண்டும். பார்க்கப்படுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. அவர் படுத்திருக்க வேண்டும். எழும்பித் திரிகிறவனுக்கு எதற்குப் பிஸ்கட் பெட்டி?

மனுசிக்கு ஊர் வாயைப் பற்றிப் பயம். "மெடிக்கல் லீவிலை நிண்டுகொண்டு ரோட்டு வழிய உலாத்துறார் எண்டு சனம் கதைக்கும். படலைச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் படுங்கோ," என்றாள்.

டொக்டர் நட என்றார், ஊர் படு என்றது. நான் ஊருக்குத்தான் கீழ்ப்படிந்தேன். படலை கிறீச்சிட்டால் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை இழுத்துவிட்டு முனகத் தொடங்குவேன். வருகிறவர்கள் தங்கள் தங்கள் ஒப்பரேசன் கதைகளைச் சொல்லிவிட்டுப் போவார்கள். போன பிறகு பிஸ்கட் பெட்டியை உடைப்பேன். ஒரு நாள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். நாலு எட்டுத் தூரம், அவ்வளவுதான். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினேன். கால்கள் இரண்டும் பஞ்சு. சாரம் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. வருத்தம் என்னுடையது. அதை எப்படிப் படுத்துக் காட்ட வேண்டும் என்று பிஸ்கட் கொண்டு வருகிறவர்கள் தீர்மானிப்பதா? பின்னேரம் தூரத்துச் சொந்தக்காரரான ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் தோடம்பழப் பையோடு வந்தார். நான் படலையிலேயே போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்கோ மாஸ்ரர். உள்ளை ஒரே வெக்கை. கதைச்சுக்கொண்டு நடப்பம்," என்றேன்.

எங்கள் வீடு கொழும்புத்துறையில். கடல் பக்கம் காற்று நன்றாக வரும். அவரைக் கடற்கரை வழியாக இறங்குதுறை வரையும் நடத்திக்கொண்டு போனேன். பாவம், திரும்பி வரும்போது தோடம்பழப் பையையும் என்னிடம் தந்துவிட்டார். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதிலை ஆருக்கு ஒப்பரேசன் செய்தது?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீதியிலேயே நின்றேன்.

அதன் பிறகு என்னைப் பார்க்க வந்தவர் எவரானாலும் நடைதான். சிலர் அதற்குப் பிறகு எங்கள் படலைப் பக்கமே வரவில்லை. சிலர் தங்களுக்கும் நல்லது என்று சொல்லி நாள்தோறும் வரத் தொடங்கினார்கள். மனுசி கொஞ்ச நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள், பிறகு தானும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

இப்படி நடந்து தேறித்தான் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு இளம் டொக்டர், என் மகளை விட வயது குறைவாக இருக்கும். பெயர் கேட்டு வைக்கவில்லை, இன்றைக்கும் அது ஒரு குறைதான். காயத்தைப் பார்த்துவிட்டு நல்லாய் ஆறியிருக்கிறது என்றார். வேலைக்குப் போகலாம் என்று எழுத வந்தவர் கேட்டார்:

"என்ன வேலை ஐயா?"

"பஸ் ஓடுறன் டொக்டர். பாரம் தூக்கிற வேலை இல்லை. இருந்து செய்யிற வேலைதான்."

பேனை நின்றுவிட்டது. என்னைக் கட்டிலில் சாய்ந்து இருக்கச் சொன்னார். கால்மாட்டுப் பலகையைக் காட்டி, "அதுதான் உங்கடை பிரேக். நான் கை தட்டின உடனை உதைச்சுப் பிடியுங்கோ," என்றார். சொல்லிவிட்டு வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சடாரென்று தட்டினார். உதைத்தேன். நல்ல உதைதான், கட்டில் ஆடியது. பெருமையோடு அவரைப் பார்த்தேன்.

"என்ன செய்தனீங்கள் எண்டு தெரியுமோ?"

"உதைச்சனான்."

"இல்லை ஐயா. முதல் மூச்சைப் பிடிச்சனீங்கள். நோகுமோ எண்டு யோசிச்சனீங்கள். பிறகுதான் உதைச்சனீங்கள்." அவர் சிரிக்கவில்லை. "உந்த ஒரு மூச்சுக்குள்ளை உங்கடை பஸ் எவ்வளவு தூரம் போகும்?"

"சொல்லத் தெரியாது டொக்டர்."

"எனக்கும் தெரியாது. நான் பஸ் ஓடுறேல்லை."

காயம் ஆறிவிட்டது என்று எழுதித் தந்தார். பஸ் ஓடுவதை மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் கண்ட பிறகு நீங்களே தீர்மானியுங்கள் என்றார். அடிவயிற்றை எப்படி மெல்ல மெல்ல இறுக்கிப் பழக வேண்டும், மூச்சை வெளியே விட்டுக்கொண்டு எப்படி உதைக்க வேண்டும் என்றும் காட்டித் தந்தார். நான் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான். இந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்னமே பிரேக் மிதித்தவன் நான் என்ற எண்ணம்.

அது கோயில் திருவிழாக் காலம். விசேட பஸ்கள் விட வேண்டும், றைவர்மார் போதாது. எங்கள் டிப்போ மனேஜர் என்னைவிட இளையவர், கெட்டவர் இல்லை, ஆள் பற்றாக்குறையிலேயே தலைமயிர் கொட்டிப் போனவர். போனுக்கு மேல் போன். "அண்ணை, காயம் ஆறீட்டுதெண்டு டொக்டர் எழுதித் தந்திட்டாராம். நாளைக்கு வாறியள்தானே?" என்றார். ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் கைதட்டல் காதுக்குள் கேட்டது. "வாறன். முதல் வெறும் பஸ்ஸை ஒருக்கால் ஓடிப் பாக்கோணும்," என்றேன்.

டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் வெறும் நிலம் உங்களுக்குத் தெரியும். அங்கே உள்ள வேம்புக்கு நேரே பஸ் வரும்போது றமீஸ் விசில் அடிக்க வேண்டும், அடித்ததும் நான் நிற்பாட்ட வேண்டும். முதலில் ஒரு இளம் றைவரை ஓட விட்டுப் பார்த்தோம். அவன் நிற்பாட்டிய இடத்தை அடையாளம் வைத்து, சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒரு தேசிக்காயை வைக்கச் சொன்னேன். எலுமிச்சை என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள், எங்களுக்கு அது தேசிக்காய். கல்லை வைத்தால் தெறித்து யாரிலும் படும். தேசிக்காய் எங்கள் டிப்போவில் எப்போதும் கிடைக்கும். புது பஸ்ஸோ, திருத்தி வந்த பஸ்ஸோ, வெளிக்கிட முன்னர் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசித்துக் கண்ணூறு கழிக்காமல் விட மாட்டோம் அல்லவா?

ஏறினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சீற்றில் இருந்தபோது சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. அந்த இளம் றைவர் ஓடிய அதே வேகத்தில் வேம்படிக்கு வந்தேன். விசில் கேட்டது. மிதித்தேன். பஸ் நின்றது. சந்தோசமாக யன்னலால் எட்டிப் பார்க்கத் திரும்பினேன். அதற்கு முன்னமே தேசிக்காய் மணம் உள்ளே வந்துவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரம் தேசிக்காயைத் தாண்டிப் போய் நின்றது. தோல் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. றமீஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "கண்ணூறு கழிஞ்சுது அண்ணை," என்றான். மனேஜரும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நசிஞ்சால் நல்லதுதானே. பேந்தென்ன? வெளிக்கிடுங்கோ."

"இதைத் தேசிக்காய் எண்டு பாக்காதேங்கோ," என்றேன். "பள்ளிக்கூடம் போற பிள்ளையின்ரை சைக்கிள் எண்டு பாருங்கோ." பஸ்ஸில் இருந்து கழற்றிய திறப்பை அவர் கையில் வைத்தேன்.

அவருக்குச் சரியான கோபம். "சாமி வெளிவீதிக்கு வந்திட்டுது, சனம் பஸ் இல்லாமல் நிக்குது, நீங்கள் தேசிக்காய் வைச்சு விளையாடுறியள். டொக்டரே விட்டாச்சு, உங்களுக்கு என்ன பயம்? ஓட ஏலாட்டில் நேரம் குறிக்கிற கூட்டுக்குள்ளை போய் இருங்கோ. பென்சன் எடுக்கிற மட்டும் அங்கையே இருங்கோ."

அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. எனக்கு மிச்சம் இருந்தது கொஞ்சக் காலம்தான். அதை ஸ்டியறிங்குக்குப் பின்னால் இருந்து முடிக்கப் போகிறேனா, கம்பிவலைக் கூட்டுக்குள் இருந்து முடிக்கப் போகிறேனா என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி. முடிப்பது சீற்றில்தான் என்று அந்த நிலத்திலேயே நின்று முடிவு எடுத்தேன். ஆனால் நசிந்த தேசிக்காயோடு இல்லை.

பஸ் நிலையத்துக் கூட்டுக்குள் போய் இருந்தேன். நீங்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் தெரியும், அது றைவருக்கு உரிய இடம் இல்லை. வருகிற போகிற பஸ்களின் நேரத்தைக் குறிப்பது, நான் ஓடித் திரிந்த அளவெட்டி ரூட் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது. என்னோடு வழக்கமாக வருகிற ஒரு அம்மா கம்பிவலைக்குள்ளால் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம், "பாவம், ஆரையும் அடிச்சுப்போட்டாராக்கும்," என்று எனக்குக் கேட்கவே சொன்னார். அடிக்காமல் இருக்கத்தான் இங்கே இருக்கிறேன் என்று எப்படி விளங்கப்படுத்துவது? கோபம் வந்தது. அதையும் காலில் இறக்கினேன்.

மேசைக்குக் கீழே சுவர் இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸும் புறப்படும் விசில் கேட்கும்போது, மூச்சை வெளியே விட்டுக்கொண்டு சுவரை உதைப்பேன். தொடக்கத்தில் மெல்ல, பிறகு பலமாக. நோவு கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுவேன். வீரம் காட்டிக் காயத்தைப் பிரித்துக்கொண்டு போய்ப் படுப்பதற்கு எனக்கு நேரம் இல்லை. சுவரில் சுண்ணாம்பு கழன்று ஒரு பாதம் தெரிந்தது. கூட்டித் துடைக்கிறவர் வந்து அதைப் பார்த்துவிட்டு, "கீழை மாடு ஏதும் கட்டியிருக்கிறியளோ?" என்று கேட்டார். மாலையில் பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தே போனேன். மனுசி வடை, ரோல்ஸ் எல்லாவற்றையும் வீட்டுப் பக்கம் வராமல் தடுத்தாள். அதோடு நின்றாளா? நான் கதிரையில் இருக்கும் நேரம் பார்த்துப் பின்னால் வந்து சடாரென்று கை தட்டுவாள். வாயில் சோறு இருந்தாலும் நான் உதைக்க வேண்டும். ஒருமுறை மேசையில் இருந்த சொதிச் சட்டி கவிழ்ந்தது. "உது நல்ல பிரேக்," என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய றமீஸ் ஒரு தேசிக்காயோடு வருவான். வெறும் பஸ், வேம்பு, விசில். சில வெள்ளி நசிந்தது. ஒரு வெள்ளி சக்கரத்தின் விளிம்பு பட்டு ஒரு பக்கமாகத் தெறித்தது. றைவர்மார் சுற்றி நின்று பார்ப்பார்கள். அண்ணைக்குத் தேசிக்காய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பகிடிக்கு வெட்கப்பட்டு மூன்று நாளில் சீற்றில் ஏறியிருக்கலாம், என்னைத் தடுக்க யாரும் இருக்கவில்லை. தம்பிமாரே, அந்த நிலத்தில் நான் கண்டது இதுதான். பயத்தில் நின்றவனை ஊர் ஒரு நாள் தேற்றும். வெட்கத்தில் பஸ் ஓடினவனைத் தேற்ற யாராலும் முடியாது.

பிறகு ஒரு வெள்ளி, பஸ் நின்றது, மணம் வரவில்லை. நான் இறங்கவில்லை. இறங்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. றமீஸ் குனிந்து சக்கரத்துக்கும் தேசிக்காய்க்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கை வசதியாக உள்ளே போனது. இன்னொருமுறை ஓடு என்று எனக்கு நானே சொல்லி ஓடினேன். மறுபடியும் ஓடினேன். தேசிக்காய் அதே இடத்தில் பச்சையாக இருந்தது. மனேஜர் அறையில் இருந்து வந்து குனிந்து பார்த்தார். "திங்கக்கிழமை அளவெட்டி உங்கடை, அண்ணை," என்றார்.

திங்கட்கிழமை விடிய வெள்ளென றமீஸ் அதே தேசிக்காயோடு நின்றான். அதைச் சக்கரத்துக்குக் கீழே வைக்கப் போனான்.

"டேய், இதை நசிக்காமல் இருக்கத்தான் நான் இவ்வளவு பாடும் பட்டனான்."

"அப்ப முன்னுக்குச் சாமி படத்தடியிலை வைப்பம் அண்ணை."

"உருண்டு வந்து பிரேக்குக்குக் கீழை கிடந்தால் ஆர் பொறுப்பு? உன்ரை பையுக்குள்ளை வை."

டிக்கற் பைக்குள் போட்டுக்கொண்டான். பஸ் நிறையச் சனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்குக் கூடையோடு வந்தவர்கள். மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட, சந்தைப் பக்கம் ஒரு லொறி நின்றது. அதற்குப் பின்னால் இருந்து ஒரு ஸ்கூட்டி, இடம் வலம் பார்க்காமல் என் முன்னால் வந்தது. ஓட்டியது ஒரு இளம் தாய். முன்னுக்கு ஒரு சின்னப் பிள்ளை நின்றது.

பஸ் நின்றது. ஸ்கூட்டி முன் கண்ணாடிக்குக் கீழே மறைந்து, அடுத்த பக்கத்தால் வெளியே வந்து, நிற்காமல் போனது. அந்தத் தாய் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளை மட்டும் திரும்பி எனக்கு நாக்கை நீட்டிக் காட்டியது.

பஸ்ஸுக்குள் ஒரே அமளி. நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். யாரோ ஒருவரின் கூடை கவிழ்ந்து கத்தரிக்காய் எல்லாம் கால்களுக்குள் உருண்டது. ஸ்கூட்டியைச் சனத்தில் யாரும் காணவில்லை. முன் சீற்றில் இருந்த ஒரு பெரியவர் உரத்துச் சொன்னார்: "உவன் கூட்டுக்குள்ளை இருந்தவனெல்லோ? ஆர் உவனைத் திரும்பவும் ஓட விட்டது? பிரேக் அடிக்கத் தெரியாது."

றமீஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளிறிப் போய் நின்றான். படியில் நின்ற அவனும் ஸ்கூட்டியைக் கண்டிருக்கிறான் என்று முகத்தில் தெரிந்தது. பைக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, தேசிக்காய் நசியேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை, ஸ்டியறிங்கில் தலையை வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். பெரியவர் இன்னும் கூட ஏசினார். சிரித்து முடியும்போதுதான் கண்டேன், என் கை வயிற்றைப் பிடித்திருக்கவில்லை. எங்கும் நோகவில்லை. பிரேக்கை மிதித்தபோது காயம் என்று ஒன்று இருந்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை. ஸ்கூட்டியில் நின்ற பிள்ளையின் முகத்தை மட்டும்தான் நினைத்திருக்கிறேன்.

திரும்பிச் சனத்திடம் மன்னிப்புக் கேட்டேன். றமீஸ் கத்தரிக்காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். அளவெட்டியில் இறங்கித் தேத்தண்ணிக் கடையில் தேசிக்காயை இரண்டாக வெட்டி இரண்டு பிளேன்ரீக்குள்ளும் பிழிந்தோம். அவ்வளவு புளிப்பாக, அவ்வளவு நன்றாக ஒரு தேத்தண்ணி நான் குடித்ததில்லை. மிச்சக் காலம் முழுவதையும் அந்தச் சீற்றில்தான் முடித்தேன்.

உங்களுக்கும் ஒரு நாள் வரும். காலோ, வயிறோ, முதுகோ, ஏதோ ஒன்று வெட்டித் தைத்துக்கொண்டு வருவீர்கள். கடுதாசியை டொக்டர் தருவார், திறப்பை மனேஜர் தருவார். அந்த ஒரு மூச்சை மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நடந்து, பழகி, அது போய்விட்டது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு ஏறுங்கள். சனம் ஏசினால் ஏசட்டும். ஏசுவதற்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.